உள்ளர்த்த சார்

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் அங்கே குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலை இருந்தது; அதனால் குரோம்பேட்டை. விஷயம் அதோடு முடிந்தது. சாருக்கு மட்டும் முடியவில்லை.

"அது மேலோட்டமான அர்த்தம் மேடம். பிரிச்சுப் பாருங்க. குரு, ஓம், பேட்டை. குருவும் ஓங்காரமும் சேர்ந்த இடம். அதனாலதான் இங்க இத்தனை இன்ஸ்டிட்யூட் வருது" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. புது இடம், பெரியவர், மரியாதைக்குத் தலையை ஆட்டி வைத்தேன். அப்படி ஆட்ட ஆரம்பித்த தலையை எட்டு வருஷம் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக் கடை, அதன் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு நாற்காலி, ஒரு கரும்பலகை, கம்ப்யூட்டருக்காக மட்டும் ஓடும் ஒரு ஏ.சி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வைரஸ் வந்துவிடும் என்பது ஓனரின் பயம். ஓனர் அந்த ஊர்க்காரர். அப்பா காலத்து நெல் வயல் பிளாட்டாகிப் போனதில் கையில் காசு சேர்ந்து, கல்யாண மண்டபம் கட்டலாமா கம்ப்யூட்டர் வைக்கலாமா என்று யோசித்து, மண்டபத்துக்கு இடம் போதாததால் கம்ப்யூட்டர் வைத்தவர். நான் பி.எஸ்ஸி. கணக்கு, தாம்பரம் சானடோரியத்திலிருந்து ஒரே ஸ்டேஷன். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, மாடி ஏறி வருகிறவர்களை ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்த்துவிடுவது என் வேலை. அதற்குக் கவுன்சிலர் என்று பெயர். பாடம் நடத்த இருந்த ஒரே ஆள் சார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிற சஃபாரி, கையில் ஓர் அடி மர ஸ்கேல். எங்கே படித்தார், அதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஓனரிடம் கேட்டால், "அவரு பேசறத கேட்டேம்மா, அதுக்கு மேல இன்னா கேக்கறது" என்பார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் 'உள்ளர்த்த சார்'. அது அவர் காதுக்கும் போனது. கோபப்படுவார் என்று பார்த்தால், அந்தப் பட்டத்துக்கும் ஓர் அர்த்தம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

எந்தப் பெயரும் அவருக்குச் சும்மா இருக்கக் கூடாது. எந்தச் சின்னமும் வெறும் படமாக இருக்கக் கூடாது. கடித்த ஆப்பிளைப் பத்திரிகை விளம்பரத்தில் பார்த்தால், "கடிச்சது யாருன்னு கேளுங்க. கடிக்கு இங்கிலீஷ்ல என்ன? பைட். கம்ப்யூட்டர்ல அளவுக்கு என்ன பேரு? அதுவும் பைட்" என்பார். அது ஓரளவு நியாயமாகத்தான் இருக்கும். அங்கேயே நிறுத்தியிருந்தால் நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நிறுத்த மாட்டார். மேலே இருக்கும் இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் எந்தத் திசை, அந்தத் திசையில் எந்த நாடு என்று ஸ்கேலை நீட்டிக்கொண்டு போவார். கோடு கோடாக எழுத்துப் போடும் ஒரு பெரிய கம்பெனியின் சின்னத்தில் எட்டுக் கோடு இருப்பதை எண்ணிக் காட்டி, எட்டுத் திக்கும் தன் கையில் என்று அர்த்தம் என்பார். நீல வட்டமும் நடுவில் சாவித் துவாரமுமாக இருந்த வங்கிச் சின்னத்தைப் பார்த்து, அது செம்பாக்கம் ஏரியை விமானத்திலிருந்து பார்த்து வரைந்தது என்று சத்தியம் செய்தார். விமானத்தில் அவர் ஏறியதே இல்லை. செம்பாக்கம் ஏரியைச் சுற்றி வந்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

கம்ப்யூட்டர் மொழிகள் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோபால் என்பது கம்பெனிக் கணக்கு வழக்குக்கான மொழி; நான்கு இங்கிலீஷ் வார்த்தைகளின் முன்னெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். அதைப் புத்தகத்தில் உள்ளபடி சொல்லிவிட்டு, கரும்பலகையில் தமிழில் 'கோபால்' என்று எழுதுவார். "இப்ப படிங்க. யாரு? கோபாலன். மாடு மேய்க்கிறவன். இந்த மொழி என்ன பண்ணுது? கணக்கை மேய்க்குது." தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், மறுக்க முடியாது. பாஸ்கல் என்பது ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் என்று ஒரு பையன் எழுந்து சொன்னபோது, சார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆள் பேரை வைக்கிறது தெருவுக்குத்தாம்ப்பா. பிரிச்சுப் பாரு. பாஸ், கல். பாஸ் ஆகணுமா, கல். கற்றுக்கொள்னு கட்டளை போடுது." அந்தப் பையன் அடுத்த மாதம் தாம்பரத்தில் வேறு சென்டருக்கு மாறிவிட்டான்.

சி என்ற மொழியில்தான் அவருக்கு மூச்சு முட்டியது. பி என்று ஒரு மொழி இருந்ததாம், அதற்கு அடுத்து வந்ததால் சி. இவ்வளவு சாதாரணமாக யாராவது பெயர் வைப்பார்களா என்று அவரால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் யோசித்துக்கொண்டு வந்து, "சி முழுசா மூடாத வட்டம் மேடம். அறிவுக்கு முடிவு இல்லைன்னு காட்டுது" என்றார். பின்னால், தொண்ணூறுகளின் நடுவில் ஜாவா வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜாவா என்றால் சாவகத் தீவு, சோழன் கப்பலேறிப் போன இடம், ஆகவே அந்த மொழி நம்முடையது, இப்போது திரும்பி வந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். ஜாவாவில் ஒரு வரி எழுதிக் காட்டுங்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

இந்த அர்த்தமெல்லாம் எங்கள் வகுப்புக்குள்ளேயே கிடந்திருந்தால் தொல்லை இல்லை. ஓனர் இவரை நம்பித் தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்தார். 'மூன்றே மாதத்தில் கோபால்!' என்று கொட்டை எழுத்து. ஒரு அம்மாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து, "இன்னாம்மா, எங்க வூட்டுக்காரரு பேரும் கோபால்தான். மூணு மாசத்துல அவருக்கு இன்னா ஆவும்னு போட்டுக்கீறீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றாள்.

அதைவிடப் பெரிய கூத்து எங்கள் போர்டு. சென்டருக்குச் சின்னம் வரைந்தவர் சார்தான். ஒரு பெரிய கண், அது ஞானம். அதைச் சுற்றி முழுசா மூடாத வட்டம், அது சி. கண்ணுக்குக் கீழே நாங்கள் சொல்லிக்கொடுக்கும் மொழிகளின் பெயர்கள், இங்கிலீஷில். மொழி ஆழமாக ஆக எழுத்து சிறிதாக வேண்டும் என்பது அவர் தத்துவம். அதனால் முதல் வரியில் பேசிக் பானை பானையாக இருக்கும். அதற்குக் கீழே கோபால் கொஞ்சம் சிறிது, பாஸ்கல் இன்னும் சிறிது, கடைசி வரியில் சி கடுகளவு. பெயின்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வரைந்தான்.

போர்டு மாட்டிய மூன்றாம் நாள் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "ரோட்லயே நின்னு படிச்சுட்டேம்மா. மூணாவது வரி வரைக்கும் தெரியுது. கடைசி வரி சுத்தமா தெரியல. எவ்ளோ பவர் போடணும்?" என்றார்.

அந்த மாதம் மட்டும் பதினோரு பேர் கண் பரிசோதனைக்கு வந்தார்கள். கோர்ஸுக்கு நான்கு பேர் வந்தார்கள். ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, பேஜாரா கீது. காசு குட்த்து எய்தின போர்டு, கண்ணு ஆஸ்பத்திரி மாரி கீதே?" சார் அசரவில்லை. "பார்வை கொடுக்கறதுதானே சார் நம்ம வேலையும்?" என்றார். போர்டு அப்படியே இருந்தது. வருகிறவர்களிடம் முதலில் 'கண்ணா, கம்ப்யூட்டரா' என்று கேட்டுக்கொள்வது என் வேலையில் சேர்ந்துகொண்டது.

இப்படியெல்லாம் எழுதினாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக மூன்று பேர் பதில் சொல்லாமல் போன வருஷம் அது. ஒருநாள் வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துக்குக் கீழே கோடு போடுறீங்களே மேடம், அது சும்மா இல்ல. நீங்க யார் மேலயும் சாய மாட்டீங்கன்னு அர்த்தம். உங்க தரையை நீங்களே போட்டுக்கறீங்க" என்றார். காதில் பூ சுற்றுகிறார் என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் இருந்தும் உட்காராமல் நிமிர்ந்து நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அவரிடம் நான் கவனித்த இன்னொன்று இருக்கிறது. சேர்ந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. சார் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். கரும்பலகையில் எழுதுவார், திரையை ஸ்கேலால் காட்டுவார், மாணவர் தோளுக்குப் பின்னால் நின்று "அதை அடிங்க, இதை அடிங்க" என்பார். கீபோர்டில் அவர் விரல் பட்டு நான் பார்த்ததில்லை. யாராவது கேட்டால், "கையை வைக்கிறது ஆபரேட்டர் வேலை. நாம சிஸ்டம் ஆளுங்க" என்பார். அடித்ததைப் பதிந்து வைக்கும் ஃபிளாப்பிகள் எல்லாம் என் அலமாரியில் பூட்டியிருக்கும். வகுப்பு முடிந்ததும், "அப்படியே விட்டுட்டு எழுந்திருங்க, மேடம் ஸேவ் பண்ணுவாங்க" என்று சொல்லிவிடுவார். நான் போய் எல்லாவற்றையும் ஸேவ் செய்து, மெஷினை அணைப்பேன். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தொண்ணூறு தாண்டி ஒரு வருஷத்தில் ஓர் அக்கா வந்தாள். செம்பாக்கத்துக்காரி. தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக டைப்பிஸ்ட். நாற்பது வயது, கழுத்தில் மெல்லிசாகச் சிலுவை டாலர், கையில் எப்போதும் நான்காக மடித்த கைக்குட்டை. கம்பெனியில் இருந்தது இரண்டு டைப்பிஸ்ட். வரப்போவது ஒரு கம்ப்யூட்டர். மேனேஜர் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு லெட்டர் அடிக்கச் சொல்வார். அடித்து, ஸேவ் செய்து, பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறவளுக்குக் கம்ப்யூட்டர், மற்றவள் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டும்.

"பேக்கிங்னா நின்னுகினே வேலை பாப்பா. எனக்கு முட்டி வலி. பதினஞ்சு நாள்ல வந்துடுமா?" என்று கேட்டாள்.

"பத்தே நாள் அக்கா" என்று நான்தான் சொன்னேன். சொல்லி, வோர்ட்ஸ்டார் கோர்ஸில் சேர்த்தேன். லெட்டர் அடிப்பதற்கு அன்றைக்கு எல்லா ஆபீஸிலும் வோர்ட்ஸ்டார்தான். சென்டர் நோட்டீஸ்களை எல்லாம் நானே அதில்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அடிக்க உட்கார்ந்தால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். பத்து விரலும் ஓடும். அவளுக்குக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அடிப்பதை அல்ல, அடித்ததை முடிப்பதை. எழுத்தைத் தாளில் அடித்துப் பழகியவளுக்கு, அடித்தது அங்கேயே நிற்காது, அதைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது புதிது. அதற்கு இரண்டே எழுத்துதான். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு கே, அப்புறம் டி. நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழுத்துவது. இரண்டு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அது சாருடைய வகுப்பு, நான் வாசல் மேஜை. என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவும் போகவில்லை.

சாரிடம் அந்தக் கட்டளைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. எங்கிருந்தோ ஜெராக்ஸ் எடுத்த தாள். எடுத்தவன் தாளைக் கோணலாக வைத்ததில் வலது பாதி வெட்டுப்பட்டுவிட்டது. இடது பக்கம் எழுத்துகள் எல்லாம் இருந்தன. வலது பக்கம் இருக்க வேண்டிய விளக்கம் எதுவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு ஜெராக்ஸ் கேட்டிருப்பார்கள். சாருக்கு அது விருந்து. விளக்கத்தை அவரே எழுதிக்கொண்டார். அக்கா அதை ஒரு வரி விடாமல் நோட்டில் காப்பி பண்ணிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணி. அக்கா ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். ஏழெட்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒரு முழுப் பக்க லெட்டரை நான்கு நிமிஷத்தில் அடித்துவிட்டுத் திரும்பினாள்.

"சார், முடிக்கறத மட்டும் ஒரு தபா நீங்க செஞ்சு காட்டிடுங்க. எய்தி வெச்சுகினுதான் கீறேன். ஆனா கண்ணால பாத்தா மன்சுல நிக்கும்."

"மேடம் ஸேவ் பண்ணுவாங்க, விடுங்க."

"நாளைக்கு மேடம் என்கூட ஆபீஸுக்கு வர மாட்டாங்களே சார்" என்றாள் அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். பையன்கள் சிரித்தார்கள்.

சாருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஸ்கேலை மேஜையில் வைத்தார். அக்கா எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு அவர் கே எழுத்தைத் தேடினார். முதல் வரிசையில் தேடினார். கடைசி வரிசைக்குப் போனார். மறுபடி முதல் வரிசைக்கு வந்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குக் காதோரம் வியர்த்து வழிந்தது. ஒரு பையன் இன்னொருவனை முழங்கையால் இடித்தான். சிரிப்பு வெடிக்க இன்னும் இரண்டு விநாடிதான்.

மெயின் சுவிட்ச் என் மேஜைக்குப் பின்னால் இருந்தது. போய்க் கீழே இறக்கினேன்.

ஏ.சி. நின்றது, திரை இருண்டது, அக்கா அடித்த லெட்டர் போயிற்று. "ஐயோ, கரண்ட் போச்சு!" என்று எல்லோருக்கும் முன்னால் நான்தான் கத்தினேன். சார் எழுந்து நின்றார். ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு, பழைய குரலில், "பரவாயில்ல. நோட்ல எல்லாம் இருக்கும்மா. அர்த்தம் புரிஞ்சா போதும், கை தானா வரும்" என்றார். அக்கா தயங்கிக்கொண்டே நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனாள். அவள் படி இறங்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நான் சுவிட்சை மேலே தள்ளினேன். ஒரு நல்ல மனிதரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மறுநாள் நடந்ததை ஓனர் வந்து சொன்னார். அந்தக் கம்பெனியில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். அக்கா லெட்டரைப் பிழை இல்லாமல் அடித்தாளாம், மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து அசந்துவிட்டாராம். பிறகு நோட்டில் இருந்தபடி கன்ட்ரோலும் கேயும் கியூவும் அடித்தாள். அது அடித்ததை வேண்டாம் என்று தூக்கிப் போடும் கட்டளை. திருத்திய வடிவத்தைக் கைவிடட்டுமா என்று மெஷின் இங்கிலீஷில் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அடித்தாள். லெட்டர் போய்விட்டது. பதறிப் போய் மறுபடி முழுவதும் அடித்தாள், மறுபடி கே கியூ. மறுபடி போய்விட்டது. இன்னொரு டைப்பிஸ்டுக்குக் கே வரைக்கும்தான் தெரியும். கேயை அழுத்திவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படித் தாமதித்தால் எந்த எழுத்துக்கு என்ன வேலை என்று மெஷினே திரையில் பட்டியல் காட்டும். அதைப் படித்துப் பார்த்து ஒழுங்காக முடித்தாள். அக்காவின் விரல் வேகத்துக்கு அந்தப் பட்டியல் வந்தே இருக்காது.

ஓனர் போனதும் நான் சாரிடம் போனேன். "சார், கே கியூன்னா என்னன்னு சொல்லிக்கொடுத்தீங்க?"

"கீப் குவாலிட்டி" என்றார்.

"கேன்சல் சார் அது. எல்லாம் அழிஞ்சிடும். மெஷின் இங்கிலீஷ்ல கேட்டதையாவது அவங்க படிச்சிருக்கலாமே?"

"எடிட் பண்ணினதுல இருக்கிற தப்பை எல்லாம் கைவிடட்டுமான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்கன்னு எழுதிக் கொடுத்திருந்தேன்."

அக்காவைப் பேக்கிங்குக்குப் போடப் போகிறார்கள் என்று சொன்னேன். சார் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், பேக்கிங்கற வார்த்தையில கடைசியில என்ன இருக்கு பாருங்க" என்றார். "கிங்."

அன்றைக்கு நான் தலையாட்டவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் முடியாது; மறுநாளிலிருந்து பழையபடி ஆட்டினேன்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அக்கா சர்ட்டிஃபிகேட் வாங்க வந்தாள். சார் இன்னும் வரவில்லை. நான் உள்ளே மெஷினில் புது பேட்ச் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அன்னைக்கு கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா அக்கா..." என்றேன். சொல்லிக்கொண்டே கை பழக்கத்தில் நோட்டீஸை முடித்தேன். கன்ட்ரோல், கே, டி. ஃபிளாப்பி கரகரவென்று சுற்றி நின்றது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அமுக்கின இப்போ?"

"கே டி."

"அத அமுக்குனா?"

"ஸேவ் ஆயிடும்."

"சாரு அத தொடவே கூடாதுன்னாரு. பேர்லயே கீது, கேடி, கிட்டவே போவாதீங்கன்னாரு. நோட்ல சிவப்பு இங்க்ல கோடு போட்டு வெச்சுக்கீறேன். நீயும் சாரு சொன்னததான் அமுக்கறன்னு நெனச்சுகினு இருந்தேன்." கைக்குட்டையைப் பிரித்து முகத்தைத் துடைத்தாள். மறுபடி நான்காக மடித்தாள். "எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"சேர்ந்ததுலேர்ந்து தெரியும் அக்கா."

அலமாரியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். எழுந்து கதவு வரைக்கும் போனாள். குனிந்து செருப்பை மாட்டும்போது முட்டி வலிக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது மெயின் சுவிட்ச் இருந்த சுவர்.

"அன்னிக்கி நான் எறங்கி வரும்போது கீழ பாத்திரக் கடைல ஃபேன் ஓடிகினு இருந்துச்சு பாப்பா. பாத்துகினேதான் போனேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "சாருக்குத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. உனக்குத் தெரியும்ன்றதுதான் தெரியாமப் போச்சு."